நிச்சயத் தட்டை இழுக்க வந்த இரண்டு எஞ்சின்கள்

இராசபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

செருமனியில் வாழ்ந்தும் செந்தமிழ் மறவாத மைத்துனர் விக்கினேசுவரனுக்கு, உன் தமக்கையின் கணவன் முகில்வேந்தன் வரையும் மடல்.

இங்கு நானும் உன் தமக்கை முனீசுவரியும் ஒரே வீட்டில் நலமாக இருக்கிறோம். நேற்று மாலை முதல் ஒரே அறையில் இல்லை. அங்கு நீ நலமாகத்தான் இருப்பாய். ஒரு பெட்டியைக் கட்டி அஞ்சலில் அனுப்பிவிட்டுக் கடல்களுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை வந்துவிடும். அலைபேசியில் அழைக்காமல் மடல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அலைபேசியில் நான் முன்னுரையை முடிப்பதற்குள் நீ "சரிங்க மச்சான், அக்காகிட்டக் குடுங்க" என்கிறாய். மடலில் எவரும் இடைமறிக்க இயலாது; நேரம் முடிந்தது என்று மணி அடிக்கவும் இயலாது. என் மேடை வாழ்வு முழுவதும் நான் வெறுத்தவை இவ்விரண்டும்தான்.

ஆகவே முன்னுரை இன்றியே சொல்கிறேன். நம் அனுசியாவின் நிச்சயம் நின்றுபோயிற்று. அடுத்த மாதம் நீ வருவதற்கு எடுத்த வானூர்திச் சீட்டை நீக்கிவிடு. காரணம் வேறெதுவும் இல்லை, நீ அவளுக்கு அனுப்பிய பொம்மைத் தொடர்வண்டியின் எஞ்சின். "பொம்மை இல்லப்பா, மாதிரி" என்று அவள் திருத்துவாள். முழங்கை நீளங்கூட இல்லாத ஒன்றுக்கு இத்தனை மதிப்பு. எஞ்சின் என்று எழுத என் கை கூசத்தான் செய்கிறது. இழுபொறி என்று எழுதியிருப்பேன். ஆனால் அச்சொல்லைக் கேட்கும்போதெல்லாம் உன் தமக்கை சிரிக்கிறாள். இன்றிருக்கும் நிலையில் அவள் சிரித்தாலும் அடி, சினந்தாலும் அடி. எனவே இம்மடலில் மட்டும் எஞ்சின்.

மாப்பிள்ளை இராம்குமார் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கோயம்புத்தூரில் நம் பெண் பணிபுரியும் அதே மோட்டார் ஆலையில் பொறியாளர். அவளைப் போலவே வளர்ந்த பிறகும் தரையில் படுத்து வண்டி விடுபவர். அவள் பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் நீ அனுப்பினாயே செந்நிற எஞ்சின், அதைக் கண்டு மயங்கி, அதே வார்ப்பில் நீல நிறத்தில் ஒன்றைப் பெங்களூரில் யாரோ ஓட்டித் தேய்த்த பழஞ்சரக்காக வாங்கினார். இரண்டு எஞ்சின்களும் ஒரே தண்டவாளத்தில் ஓடத் தொடங்கின. பின்னர் நிகழ்ந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. என் குறையெல்லாம் அவருடைய தந்தை வேல்சாமி மீதுதான். திருவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுபவர். கிண்டட்டும், அதில் எனக்குக் கொள்கைப் பகை கிடையாது, கொடுத்தால் உண்கிறேன். ஆனால் என் பெயர் முகில்வேந்தன் என்று எத்தனை முறை எடுத்துரைத்தாலும், பள்ளிச் சான்றிதழில் நான் புதைத்துவிட்டு வந்த பெயரை எங்கிருந்தோ தோண்டியெடுத்து, "கருத்தப்பாண்டி அண்ணாச்சி இருக்காவளா" என்று தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருகிறார்.

அவர்கள் வழக்கப்படி நிச்சயத்தன்று பெண் வீட்டார் எழுந்து நின்று தட்டை நீட்ட வேண்டுமாம்; மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்தபடி வாங்குவார்களாம். உட்கார்ந்து வாங்குபவருக்கு எழுந்து நின்று கொடுக்கும் கை என் தோளில் முளைக்கவில்லை என்று கூறிவிட்டேன். வேல்சாமியும் எழ மறுத்தார், முழங்கால் வலி என்றார். அந்த இழுபறி நீண்டுகொண்டே போனபோதுதான் அனுசியா ஒரு வழி சொன்னாள். மண்டபத்தின் நடுவே நீள மேசை. அதன்மேல் வளையமாகத் தண்டவாளம். திறந்த பெட்டிகளில் வெற்றிலை, பூ, மோதிரம், சிறு கிண்ணத்தில் பால்கோவா. முன்னால் நம் சிவப்பும் அவர்களின் நீலமும் ஒன்றோடொன்று கோத்து நின்று இழுக்கும். எவரும் எவருக்கும் நீட்ட வேண்டாம். வண்டி வரும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். "எந்திரிக்க வேண்டாம்லா, அப்போ சரி" என்றார் வேல்சாமி. கொடுப்பவன், வாங்குபவன் என்ற பிரிவினையை ஒழித்த முதல் நிச்சயம் இதுதான் என்று நானும் உரை ஒன்றை ஆயத்தம் செய்யத் தொடங்கினேன்.

இனி நீ கூர்ந்து படிக்க வேண்டும். இரண்டு எஞ்சின்களின் வயிற்றிலும் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தியிருக்கிறார்கள். கணினியில் உள்ள மென்பொருள், எண் சொல்லி அழைத்தால் அந்த எண்ணுக்குரிய எஞ்சின் மட்டும் செவிசாய்க்கும். விரைவின் பத்தாம் படியில் ஓடு என்றால் பத்தாம் படியில் ஓடும். ஆனால் ஒரே அச்சில் பிறந்த இரண்டும் பத்தாம் படியில் ஒரே விரைவில் ஓடுவதில்லை. விரைவு ஒவ்வாத இரண்டைச் சேர்த்துக் கோத்தால் ஒன்று இழுக்கும், ஒன்று முரண்டு பிடிக்கும், நடுவில் பெட்டிகள் கவிழும். ஆகவே கோப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியே ஓடவிட்டு, ஒவ்வொரு படியிலும் விரைவை ஒப்பிட்டு, ஒத்துப்போகச் செய்ய வேண்டும். இதற்காகவே நம் கூடத்தில் வளையம் அமைத்து, இரு குடும்பத்தார் முன்னிலையில், எதிரெதிர் முனைகளில் இரண்டையும் நிறுத்தி, ஒரே படியில் ஓடவிட்டாள். நீலம் சோறு உண்டவன் நடப்பதைப்போல் நடந்தது. நம் சிவப்போ பாய்ந்து, வளைந்து, இரண்டாம் சுற்றிலேயே நீலத்தைப் பின்னாலிருந்து எட்டிப்பிடித்து முட்டியது. என் மார்பு எப்படி விம்மியிருக்கும் என்று எண்ணிப்பார்.

"பின்னால வந்து முட்டுறதுதான் ஒங்க குடும்பத்து வழக்கமா அண்ணாச்சி" என்றார் வேல்சாமி.

"முன்னால் நிற்பவர் நடந்தால் நாங்கள் ஏன் முட்டப் போகிறோம்" என்றேன்.

அனுசியா திரையைத் திருப்பிக் காட்டினாள். விரைவைக் காட்டும் கோடுகள் படிக்கு ஒரு கம்பமாக வரிசையாக நின்றன. ஏற்றினால் விரைவு கூடும், இறக்கினால் குறையும். "மெதுவாப் போறது அதோட முழு மூச்சுலதான்ப்பா போகுது. அதுக்கு மேல ஏத்த முடியாது. வேகமாப் போறதத்தான் செத்த இழுத்துப் பிடிக்கணும். சிவப்பக் கொறைச்சிருதேன்" என்று சுட்டியில் கை வைத்தாள். நான் எழுந்து நின்றேன். நான் எழுந்து நின்றால் என்ன நிகழும் என்பதை நீ அறிவாய். முன்னேறியவனைப் பின்னுக்கு இழுத்துப் பின்தங்கியவனோடு கட்டுவதுதான் ஒப்புரவா, ஓட இயலாதது ஒதுங்கி வழிவிடட்டும், எங்கள் சிவப்பு தனித்தே இழுக்கும் என்று முழங்கினேன். நான் முடிக்கும்போது இராம்குமாரும் அனுசியாவும் தவிர அனைவரும் உணவருந்தி முடித்திருந்தார்கள்.

மறுவாரம் பேச்சுவார்த்தை. என் வீட்டுக்கு அவர் வர மாட்டார், அவர் வீட்டுக்கு நான் செல்ல மாட்டேன் என்பதால் இரண்டு ஊருக்கும் நடுவே சாலையோரத்தில் பால்சாமி என்பவரின் தேநீர்க் கடையைத் தேர்ந்தோம். அமர்ந்ததுமே வேல்சாமி, "கடை ஒங்க ஊருப் பக்கமா ஒதுங்கில்லா இருக்கு. நான்தான் கூடத் தூரம் வந்திருக்கேன்" என்றார். அக்குறையும் இருக்க வேண்டாம் என்று நான் அமர்ந்திருந்த பெஞ்சைத் தூக்கித் திருவில்லிபுத்தூர்ப் பக்கமாகச் சற்று நகர்த்திப் போட்டேன். அவர் அதைவிடப் பெருந்தன்மை காட்ட வேண்டித் தம் பெஞ்சை இராசபாளையத்துப் பக்கம் நகர்த்தினார். இப்படி மாறி மாறி நகர்ந்ததில், ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாத தொலைவுக்குப் போய்விட்டோம். பால்சாமி இரண்டு கையிலும் தேநீர்க் குவளையோடு நடுவில் நின்று, "ரெண்டு பேரும் பெஞ்சோட ஊருக்குப் போயிராதிய. சாயங்காலம் யாவாரத்துக்கு வேணும்" என்றார்.

மீண்டும் நெருங்கி அமர்ந்த பிறகு வேல்சாமி தம் தரப்பை எடுத்துவைத்தார். "மெதுவாப் போறது ஒண்ணும் கேவலமில்ல அண்ணாச்சி. எங்க ஊருத் தேரு எம்புட்டு மெதுவா வருது. அம்புட்டுப் பேரும் நின்னு கும்புடுதாகல்லா. அது வேகமா வந்துச்சுன்னா எவன் கும்புடுவான், ஓடத்தான் செய்வான்."

"உங்கள் தேரை ஆயிரம் பேர் இழுக்கிறார்கள். உங்கள் எஞ்சினை எங்கள் எஞ்சின் ஒன்றே இழுக்க வேண்டியிருக்கிறது" என்றேன்.

"சரி, நான் ஒண்ணு கேக்கேன். பால் பொங்கி வருது, கிண்டிக்கிட்டு இருக்கேன். தீ கூடிப்போச்சு. தீயக் கொறைப்பனா, பாலக் கொறைப்பனா. வேகமா எரியுறதுதான் பொறுப்பா அடங்கணும்."

இதற்கு நான் அளித்த மறுமொழி பத்து மணித்துளிகளுக்கு மேல் நீண்டது. சாலையில் போன மதுரைப் பேருந்து ஒன்று கூட்டம் என்று நினைத்து நின்று, ஏற யாரும் இல்லாமல் கிளம்பியது. முடிவு எட்டப்படவில்லை.

இந்நிலையில் நான் ஒரு நற்பணி செய்தேன். அதை உன் தமக்கை வேறு சொல்லால் குறிப்பிடுகிறாள். நீ நடுநிலையோடு கேள். அனுசியா கோயம்புத்தூர் சென்றிருந்தபோது நான் கணினியைத் திறந்து, செந்நிற எஞ்சினுக்குரிய பக்கத்தை அடைந்தேன். எல்லாம் ஆங்கிலம். ஒரு சொல்லை அகரமுதலியில் தேடியதில் அது முடுக்கம் என்று அறிந்தேன். முடுக்கம் மிகுந்தால் விரைவு மிகும் என்பதில் எவருக்கு ஐயம் இருக்க முடியும். அங்கிருந்த சிறிய எண்ணை அழித்துவிட்டு, அந்தக் கட்டம் ஏற்கும் மிகப் பெரிய எண்ணை இட்டேன். அதற்குக் கீழே இருந்த கட்டம் மட்டும் ஏன் வறியதாக இருக்க வேண்டும் என்று அதற்கும் அதே எண்ணை வழங்கினேன். யாரேனும் கம்பங்களை இறக்கினாலும் நம் எஞ்சின் தாழாது என்ற நிறைவோடு கணினியை மூடினேன். மேற்கட்டத்து எண், ஓடச் சொன்ன பிறகு முழு விரைவை அடைய எஞ்சின் எவ்வளவு தயங்கலாம் என்பதற்கு. கீழ்க்கட்டத்து எண், நிறுத்தச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடலாம் என்பதற்கு. இதை எனக்கு எவர் சொன்னார்கள். நேற்றுதான் சொன்னார்கள்.

நேற்று நம் கூடத்தில் ஒத்திகை. வேல்சாமி மனம் இரங்கி, அடுப்பிலிருந்து இறக்கிய சூடு ஆறாத பால்கோவாவை ஒரு பெரிய ஏனத்தில் கொண்டுவந்து மேசை முனையில் முக்காலி மேல் வைத்திருந்தார். விரைவு ஒப்பீடு பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கோத்து ஓட்டிக் காட்டுங்கள், சண்டை தீரும் என்றார் மாப்பிள்ளை. முன்னால் நீலம், அதன்பின் சிவப்பு, அதன்பின் பெட்டிகள். அனுசியா ஓடு என்றாள். நீலம் கிளம்பியது. சிவப்பு அசையவில்லை. நீலம் சக்கரம் வழுக்க, உயிரற்ற சிவப்பையும் பெட்டிகளையும் இழுத்து இழுத்து நகர்ந்தது.

"ஏட்டி மருமகளே, ஒங்க அப்பாவுக்குச் சொல்லு. எது எத இழுக்குன்னு நல்லாப் பாத்துக்கிடச் சொல்லு" என்றார் வேல்சாமி. அவர் முகத்தில் அத்தனை பற்கள் இருப்பதை நேற்றுத்தான் கண்டேன்.

நான் வாய் திறப்பதற்குள் சிவப்பு விழித்துக்கொண்டது. மெல்ல மெல்ல மிகுந்து, நீலத்தை முதுகில் தள்ளத் தொடங்கியது. அனுசியா நிறுத்து என்றாள். நீலம் உடனே நின்றது. சிவப்பு நிற்கவில்லை. மறுபடி நிறுத்து என்றாள். அது முன்னினும் உறுதியாகச் சென்றது.

"எம்புட்டு நிறுத்தச் சொன்னாலும் நிக்க மாட்டேங்குது. எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்றாள் உன் தமக்கை, என்னைப் பாராமலே.

அனுசியா மின்சாரத்தைத் துண்டிக்க ஓடுவதற்குள், நின்ற நீலத்தை ஓடும் சிவப்பு வளைவில் வைத்துத் தள்ள, இரண்டும் கோத்தபடியே மேசையைவிட்டுப் பாய்ந்து பால்கோவாவில் இறங்கின. சக்கரங்கள் மேலே தெரிந்தன. ஒரு வெற்றிலை மட்டும் மெதுவாக வந்து அவற்றின் மேல் அமர்ந்தது.

"யாருப்பா இதுல கைவச்சது" என்று அனுசியா திரையைப் பார்த்துக் கேட்டாள். கணினிகளுக்குப் பிழை நேர்வது இயல்பு என்று நான் தொடங்கினேன். வேல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க எஞ்சினத் தள்ளிவிடணும்னே செஞ்சிருக்கிய. சம்பந்தமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். எஞ்சினக் கழுவிக் குடுத்து விடுங்க" என்றார். பால்கோவாவையும் எடுத்துச் செல்லுங்கள் என்றேன். அவர் எடுத்துச் செல்லவில்லை. தலைகுனிந்து நின்ற மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அனுசியா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எதிர்கொள்ள ஆயத்தமாகவும் இருந்தேன். அவள் அழவில்லை. "மேடைக்கு மேடை எல்லாரும் சமம் சமம்னு பேசுதியளேப்பா. ரெண்டே ரெண்டு எஞ்சினச் சமமாக்க விட மாட்டேங்குதிய" என்று கூறிவிட்டு, பல்துலக்கும் தூரிகையை எடுத்துக்கொண்டு எஞ்சின்களைக் கழுவச் சென்றாள். இதற்குரிய மறுப்புரை உருவாகிக்கொண்டிருக்கிறது. இன்னும் முதல் வரி அமையவில்லை. அவள் சென்ற பிறகு நான் அந்தக் கூடத்தில் தனியே நின்ற நிலையைப் பற்றி எழுத இம்மடலில் இடமில்லை.

ஆகவே உன்னை வேண்டுவது இது. செருமனியிலிருந்து வந்த புத்தம்புதிய செந்நிற எஞ்சின் இயல்பிலேயே விரைவு மிக்கது, அதைக் குறைப்பது அதற்கு இழுக்கு என்று நீ உன் கையால் வேல்சாமிக்கு எழுது. பெங்களூர்ப் பழஞ்சரக்கு விலகிக்கொள்ளட்டும். அவர் ஏற்றால் நிச்சயம், இல்லையேல் இல்லை. நான் ஓர் அணுவும் குறைய மாட்டேன்.

உன் இல்லத்தரசிக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள். கடவுள் காப்பார் என்று எழுத என் கொள்கை இடந்தராது. குளிர்காலம் வருகிறது, கம்பளி காக்கட்டும்.

கொள்கை குன்றா அன்புடன்,
முகில்வேந்தன்

பின்குறிப்பு: சீட்டை நீக்காதே. நீக்கியிருந்தால் மீண்டும் எடு.

உறையை ஒட்டப் பசை தேடிச் சென்ற நேரத்தில் அனுசியா இம்மடலைப் படித்துவிட்டாள். கழுவித் துடைத்த இரண்டு எஞ்சின்களையும் கொண்டுவந்து என் முன் வைத்து, இரண்டின் மேற்கூட்டையும் கழற்றினாள். செந்நிறக் கூட்டுக்குள் இருப்பது பெங்களூர் எஞ்சினாம். நீலக் கூட்டுக்குள் இருப்பதுதான் நீ அனுப்பியதாம். கோயம்புத்தூரில் சில்லுப் பொருத்தத் திறந்தபோது இருவரும் கூடுகளை மாற்றிக்கொண்டார்களாம். "மோதிரம் மாத்துற மாதிரிப்பா. எங்க நிச்சயம் அன்னைக்கே முடிஞ்சிட்டு" என்றாள். நான் முதலில் கேட்டது அதைப் பற்றியல்ல. புதிய எஞ்சின் ஏன் இப்படி ஊர்கிறது என்பதுதான். புதிதில் பல்சக்கரங்கள் இறுக்கமாக இருக்குமாம், ஓடித் தேய்ந்ததுதான் விரையுமாம். இதைப் பெட்டிமேல் எழுதி அனுப்ப உனக்குக் கை இல்லையா.

ஆகவே மேலே செந்நிறத்தை நான் புகழ்ந்த இடங்களையெல்லாம் கண்டனமாகவும், நீலத்தைப் பழித்த இடங்களையெல்லாம் வாழ்த்தாகவும் கொள்க. விரைவு என்பது என்ன பெருமை. வலியது மெலியதற்காகத் தன்னைக் குறைத்துக்கொள்வதே ஒப்புரவு. இதைச் சொல்ல வேல்சாமியை அலைபேசியில் அழைத்தேன். மாப்பிள்ளை அங்கும் சொல்லிவிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, நல்லா ரோசனை பண்ணிப் பாத்தேன். நீங்க அன்னைக்குப் பேசுனதுதான் சரி. வேகமா ஓடுறத எதுக்குக் கொறைக்கணும்" என்றார் அவர்.

"இல்லை சம்பந்தி, நீங்கள் கூறியதே சரி. தீயைத்தானே குறைக்க வேண்டும், பாலையா குறைப்பது" என்றேன்.

 மறுமுனையில் சிரிக்கும் ஓசை. "பேச்சுக்காரர்ட்ட வாயக் குடுத்தா இப்படித்தான். சரி, தீய நான் கொறைக்கேன். பதிலுக்கு நீங்களும் ஒண்ணக் கொறைக்கணும்."

"எதை."

"பேச்ச. நிச்சயத்தன்னைக்கு ரெண்டே நிமிசம். அதுக்கு மேல போனா மணி அடிச்சிருவேன். பொறவு வருத்தப்படக் கூடாது, கருத்தப்பாண்டி."

இம்முறை பெயரோடு அண்ணாச்சி என்ற சொல்லும் இல்லை. உன் தமக்கை என் பின்னால் வந்து நின்று, "சரின்னு சொல்லுங்க" என்றாள். சரி என்றேன். அனுசியா நான் இட்ட எண்களை அழித்துவிட்டு, கம்பங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். பிறகு எதிரெதிர் முனைகளில் நிறுத்தி ஓடவிட்டாள். சிவப்பும் நீலமும் வளையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றை ஒன்று துரத்தவும் இல்லை, ஒன்றுக்கு ஒன்று பின்தங்கவும் இல்லை. கண் சற்றுக் கலங்கியது. மோட்டாரில் மிச்சமிருந்த பால்கோவா கருகும் நெடி.

இறுதியாக ஒன்று. ஒப்பந்தம் பெண்ணின் தந்தையைத்தான் கட்டுப்படுத்துகிறது. தாய்மாமனைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. என் உரையைத் தனியே எழுதி இத்துடன் வைத்துள்ளேன். இம்மடலைவிடச் சற்றே நீளம். வானூர்தியில் வேறு வேலை இருக்காது, மனப்பாடம் செய்துகொண்டு வந்துவிடு. வேல்சாமி மணி அடிப்பார். நிறுத்தாதே.